ஜன்னலுக்கு எதிரே பச்சைத் திரை

செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது ஐம்பது. என் அறைக்குள் நான் முதலில் பார்த்தது ஒரு பச்சைத் துணிப்பை. அதைப் பிடித்திருந்த பெண்ணை அதற்குப் பிறகுதான் பார்த்தேன். முதலில் பை, பிறகு பெண். அன்றைக்கு நான் செய்த தவறு அங்கேயே தொடங்கிவிட்டது.

டிஸ்பென்சரி நர்ஸ்களே, போன மாதம் உங்களில் மூன்று பேர் என்னைப் பார்க்க வீட்டுக்கு வந்தீர்கள். "சிஸ்டர், நாம மாத்திரை, ஊசி, ஸ்கேன் எல்லாம் தர்றோம். அப்புறமும் கர்ப்பிணிங்க ஏன் மூலிகை க்ளினிக்குக்குப் போறாங்க?" என்று கேட்டீர்கள். நான் டீ கொடுத்துப் பேச்சை மாற்றினேன். பதில் தெரியாமல் இல்லை. அதைச் சொன்னால் என்னைப் பற்றியும் சொல்ல வேண்டியிருக்கும். இப்போது ஓய்வு பெற்றுவிட்டேன், சொல்கிறேன்.

லக்ஷ்மிபாய் நகரிலிருந்து நடந்து வரும் தூரத்தில் இருந்தது எங்கள் டிஸ்பென்சரி. கர்ப்பிணிகள் அறை என்னுடையது. வாரத்தில் இரண்டு நாள் அதன் வாசல் பெஞ்ச் நிறைந்திருக்கும். அப்போது டில்லிக்கு வந்து இருபத்தெட்டு வருடம். நர்ஸ் படிப்பில் கற்றுக்கொண்டதைவிட அந்த அறையில் கற்றுக்கொண்டது அதிகம் என்ற எண்ணம் எனக்கு உண்டு. கொஞ்சம் கர்வமும் உண்டு.

எங்கள் ஜன்னலுக்கு எதிரே, சந்துக்கு அந்தப் பக்கம், ஒரு கடை பல நாள் மூடிக் கிடந்தது. ஒரு பிப்ரவரி காலையில் அதன் வாசலில் பச்சைத் திரை தொங்கியது. 'கர்ப்பிணிகளுக்கு மூலிகைப் பராமரிப்பு' என்று ஹிந்தியில் பலகை. உள்ளே இருந்த பெண்மணி கர்வால் மலைப்பக்கத்துக்காரர், ஆயுர்வேதப் பட்டம் பெற்றவர், நாற்பது வயதிருக்கும். எல்லோரும் அவரை வைத்யாஜி என்றார்கள். வாங்கும் பொடியையும் எண்ணெயையும் பச்சைத் துணிப்பையில் போட்டுக் கொடுப்பார். ஏப்ரலுக்குள் அந்தப் பை எங்கள் பெஞ்சுக்கு வந்துவிட்டது. ஒருத்தி மடியில், இன்னொருத்தி காலடியில், மற்றொருத்தி ஃபைலுக்கு உறையாக.

நான் என்ன செய்தேன் தெரியுமா? எண்ணத் தொடங்கினேன். ஊசி போட்டுவிட்டுக் கை கழுவும்போது ஜன்னல் வழியே பார்ப்பேன். என்னிடம் வந்து போனவள் அடுத்ததாக அந்தத் திரையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போவாள். உள்ளே போகும்போது சிரிப்பாள். எங்கள் அறைக்குள் வரும்போது ஒருத்தியும் சிரித்ததில்லை.

ஆயா கம்லேஷ் இதைக் கவனித்துவிட்டாள். "சிஸ்டர், உங்க கழுத்து அந்தப் பக்கமே திரும்பிப் போச்சு. எண்ணெய் போட்டுத் தேய்க்கணும். அங்கேயே கிடைக்குது" என்றாள்.

மே மாதம் ஒரு சனிக்கிழமை, வெள்ளை உடுப்பை மாற்றிவிட்டுச் சாதாரணப் புடவையில் அங்கே போனேன். முட்டி வலி என்று சொல்வதாகத் திட்டம். வலி உண்மையாகவே இருந்தது. போன காரணம் வேறு. அவர் செய்யும் ஒரு தவறையாவது கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று இருந்தது.

திரையைத் தூக்கியதுமே, "ஆயியே, வாங்க சிஸ்டர்ஜி. எதிர் ஜன்னல்ல தினமும் பார்க்கிறேன்" என்றார்.

நான் உட்கார்ந்தேன். பிரம்பு நாற்காலி, முதுகுக்கு ஒரு தலையணை. சோம்பு போட்ட வெந்நீர் ஒரு டம்ளர். ஐந்து நிமிடம் எதுவும் கேட்கவில்லை. பிறகு பிரஷர் மெஷினை எடுத்தார்.

"முட்டிக்கு எதற்கு பிபி?"

"உள்ளே வர்ற எல்லாருக்கும் பார்க்கிறது வழக்கம். காலைப் பின்னிக்காதீங்க. பேசாதீங்க."

இரண்டு முறை பார்த்தார். இரண்டையும் ஒரு நீள நோட்டில் எழுதினார். பிறகு முட்டியைப் பற்றிக் கேட்டார், நான் சொன்ன வார்த்தையிலேயே அதையும் எழுதினார். 'படி இறங்கும்போது மடக்கென்று' என்று நான் ஹிந்தியில் எதையோ தப்பும் தவறுமாகச் சொல்ல, அந்தத் தப்போடு எழுதிக்கொண்டார். மொத்தம் முப்பத்தைந்து நிமிடம்.

நேராக டிஸ்பென்சரிக்குத் திரும்பினேன். பூட்டைத் திறந்து எங்கள் மெஷினில் என் பிபியை நானே பார்த்தேன். அவருடைய எண் தப்பாக இருக்க வேண்டும் என்று மனதார வேண்டிக்கொண்டேன். இரண்டு புள்ளிதான் வித்தியாசம். அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அவர் கொடுத்த எண்ணெயை மூன்று நாள் தடவினேன். வலி குறைந்தது. குறைந்ததும் பாட்டிலை அலமாரியில் ஊறுகாய் ஜாடிக்குப் பின்னால் தள்ளி வைத்தேன்.

அவரிடம் இல்லாதது ஏதாவது என்னிடம் இருக்க வேண்டுமே என்று யோசித்தேன். ஒன்று கிடைத்தது. தமிழ். சுற்றியிருந்த அரசுக் குடியிருப்புகளில் தமிழ்க் குடும்பங்கள் நிறைய. அன்றிலிருந்து தமிழ்ப் பெண் யார் வந்தாலும், ஹிந்தியிலோ ஆங்கிலத்திலோ பேச வாயெடுத்தால் நிறுத்துவேன். "தமிழ்ல சொல்லும்மா. நாம தமிழ்ல பேசிக்கலாம்." அன்பாகத்தான் சொன்னேன். இன்றைக்கும் அதை அன்பு இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்த அன்பை ஜன்னலைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னேன்.

இனி அந்தச் செவ்வாய்க்கிழமை.

பச்சைப் பையோடு வந்தவள் ஸ்ருதி. லோதி ரோட்டில் ஒரு மத்திய அரசு அலுவலகத்தில் வேலை, முதல் பிரசவம், முப்பத்தைந்தாவது வாரம். டில்லியிலேயே பிறந்து வளர்ந்தவள். அவள் அம்மா கும்பகோணத்துக்காரர். 'நம்ம சிஸ்டர் இருக்காங்க, அங்கயும் போய்க் காட்டிட்டு வா' என்று அம்மா விரட்டுவதால் எங்களிடம் வருவாள். வைத்யாஜியிடம் அவளாகவே போவாள்.

அவளுக்கு அன்று முறை இல்லை. பன்னிரண்டு நாள் முன்புதான் வந்திருந்தாள், எல்லாம் சரியாக இருந்தது. அன்று ஏதோ சொல்ல வந்தவள், "சிஸ்டர், முஜே..." என்று ஹிந்தியில் ஆரம்பித்தாள்.

"தமிழ்ல சொல்லும்மா."

அவள் ஒரு நொடி நின்றாள். வார்த்தையைத் தேடுகிறாள் என்று முகத்தில் தெரிந்தது. "காலையில இருந்து... எழுந்தா... சக்கர் வருது, சிஸ்டர்."

வெளியே பெஞ்சில் சத்தம். என் கண் பையின் மேல். காதில் விழுந்தது 'சக்கர வருது'. நம் ஊரில் எத்தனை பேர் சர்க்கரையை அப்படித்தானே சொல்கிறார்கள்! யாரோ அவளிடம் சர்க்கரை வந்திருக்கிறது என்று சொல்லிப் பயமுறுத்தியிருக்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டேன். அந்த யாரோ யார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

விரலில் குத்திச் சர்க்கரை பார்த்தேன். சரியாக இருந்தது.

"சக்கரயும் இல்ல, ஒண்ணும் இல்ல. யாரு சொன்னா உனக்கு? அந்தப் பொடியை எல்லாம் நிறுத்து. போய் ரெஸ்ட் எடு. அடுத்த வாரம் உன் தேதிக்கு வா."

அவள் விரலைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "அச்சா" என்றாள். பையை எடுத்துக்கொண்டு போனாள். பத்தே கால்.

பிரஷர் மெஷின் மேசையின் மறுமுனையில் இருந்தது. கை நீட்டினால் எட்டும். ரிஜிஸ்டரில் அவள் பெயருக்கு நேராகச் சர்க்கரையின் அளவை எழுதினேன். பிபி கட்டத்தில் எதுவும் எழுதவில்லை. முறை நாள் இல்லையே, அதனால்.

ஜன்னலைப் பார்த்தேன். ஸ்ருதி வீட்டுப் பக்கம் திரும்பவில்லை. சந்தின் குறுக்கே போய்ப் பச்சைத் திரையைப் பிடித்துக்கொண்டாள். தூக்கவில்லை, பிடித்துக்கொண்டாள். அதையும் பார்த்தேன். பார்த்துவிட்டு, 'போ, போ, அங்கேயே போ' என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு அடுத்தவளைக் கூப்பிட்டேன்.

பன்னிரண்டு இருபதுக்கு போன் அடித்தது. பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் பிரசவப் பிரிவிலிருந்து டியூட்டி டாக்டர். இளம் குரல், ஹிந்தியில் வேகமாகப் பேசினாள்.

"காலையில ஸ்ருதின்னு ஒரு பேஷண்டைப் பார்த்தீங்களா?"

"பார்த்தேன்."

"சுகர் டெஸ்ட் செஞ்சீங்களாம். எதுக்கு? அவளுக்குச் சக்கர் வர்றதுன்னு உங்ககிட்ட சொன்னேன்கிறாளே."

சக்கர். தலைசுற்றல். அந்த ஹிந்தி வார்த்தை எனக்குத் தெரியாதா? இருபத்தெட்டு வருடத்தில் அந்த பெஞ்சில் அதைக் கேட்காத நாள் கிடையாது. 'சக்கர் ஆ ரஹா ஹை, சிஸ்டர்' என்று ஒரு பீஹார்ப் பெண்ணோ பஞ்சாபிப் பெண்ணோ சொல்லியிருந்தால், அவள் வாக்கியத்தை முடிப்பதற்குள் என் கை பிரஷர் மெஷினுக்குப் போயிருக்கும். கர்ப்பிணிக்குத் தலைசுற்றல் என்றால் அதுதான் முதல் வேலை. ஸ்ருதி தன்னிடம் இருந்த தமிழில் அந்த ஒரு வார்த்தைக்கு மட்டும் ஹிந்தியைப் போட்டுச் சொன்னாள். என் காது தமிழுக்கு மட்டும் திறந்திருந்தது. திறந்து வைத்தது நான்.

டாக்டர் காத்திருக்கவில்லை. "ஒரு மூலிகை க்ளினிக் அம்மா ஆட்டோவுல கூட்டிட்டு வந்திருக்காங்க. அவங்க நோட்டுல பத்து நாற்பதுக்கு 168/112, கால் மணி கழிச்சு 166/110. இங்க படுக்க வெச்சுப் பார்த்தா 150/100. யூரின் ரிசல்ட் இன்னும் வரல. லேபர் ரூம்ல ஒரே ஒரு பெட் காலி. இது நிஜமான ஏற்றமா, பயத்துல வந்ததா, அந்த மெஷின் கோளாறா, எனக்கு உடனே தெரியணும். காலையில உங்ககிட்ட பிபி எவ்வளவு?"

ரிஜிஸ்டர் திறந்திருந்தது. கட்டம் காலி. என் கையில் பேனா.

கம்லேஷ் பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். நல்லவள், எனக்கு உதவத்தான் நினைத்தாள். காதோரம் குனிந்து, "ஒன் ட்வென்ட்டி எய்ட்டின்னு சொல்லிடுங்க சிஸ்டர். ஜல்தி" என்றாள்.

அந்த எண் எப்போதும் கைவசம் இருக்கும். கூட்டம் அதிகமான நாட்களில் இந்தத் தொழிலில் பலருடைய பேனாவிலிருந்து தானாக இறங்கும் எண் அது. என் பேனாவிலிருந்து ஒருமுறையும் இறங்கியதில்லை என்று நான் சத்தியம் செய்யத் தயாரில்லை. அதைச் சொன்னால் என் கட்டம் நிரம்பும். கூடவே இன்னொன்றும் நடக்கும். காலையில் 120/80 என்றால், அரை மணி நேரத்தில் 168 என்பதை யார் நம்புவார்கள்? வைத்யாஜியின் மெஷின் பொய் என்று ஆகும். எதிர்த்த கடைக்காரி எண்ணைக்கூடச் சரியாகப் பார்க்கத் தெரியாதவள் என்று ஓர் ஆஸ்பத்திரி டாக்டரே முடிவு செய்வாள். பிப்ரவரியிலிருந்து நான் காத்திருந்தது அதற்குத்தான். ஸ்ருதியைச் சாதாரண வார்டில், யூரின் ரிசல்ட் வரட்டும் என்று உட்கார வைத்திருப்பார்கள்.

இவ்வளவையும் எழுத நேரம் எடுக்கிறது. அப்போது மூன்று நொடி ஆகியிருக்கும்.

"எடுக்கல, டாக்டர்" என்றேன்.

"என்னது?"

"பிபி எடுக்கல. சக்கர்னு அவ சொன்னதை நான் சர்க்கரைன்னு கேட்டேன்."

திட்டுவாள் என்று நினைத்தேன். அவளுக்குத் திட்ட நேரமில்லை.

"சரி. நீங்க பக்கத்துல இருக்கீங்க. அந்தம்மா எழுதின எண்ணை நம்பலாமா?"

சாட்சி சொல்ல என்னைத்தான் கேட்கிறாள். கம்லேஷ் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போதும் பயத்தைவிடப் பொறாமைதான் பெரிதாக இருந்தது என்பதையும் எழுதிவிடுகிறேன்.

"நம்பலாம். ஐந்து நிமிஷம் உட்கார வைப்பாங்க. ரெண்டு தடவை பார்ப்பாங்க. மெஷினும் சரியான மெஷின்."

"எப்படித் தெரியும்?"

"நான் போய்ப் பார்த்திருக்கேன். எங்க மெஷினோட ஒத்துப் பார்த்திருக்கேன்."

"பஸ், போதும்" என்றாள். வைத்துவிட்டாள்.

டியூட்டி முடிந்து இரண்டே முக்காலுக்கு ஆஸ்பத்திரிக்குப் போனேன். பிரசவப் பிரிவுக்கு வெளியே பெஞ்சில் வைத்யாஜி உட்கார்ந்திருந்தார். மடியில் நோட்டு, பக்கத்தில் தர்மாஸ் பிளாஸ்க். க்ளினிக்கைப் பூட்டிவிட்டு வந்திருக்கிறார். நான் டியூட்டி முடியும்வரை ரிஜிஸ்டரை எழுதிக்கொண்டிருந்தேன்.

"முட்டி எப்படி இருக்கு, சிஸ்டர்ஜி?"

"பரவாயில்லை."

"எண்ணெய் போட்டீங்களா?"

"போட்டேன்."

அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். "உங்க நோட்டை நம்பலாம்னு நான்தான் டாக்டர்கிட்ட சொன்னேன்" என்றேன். ஏன் சொன்னேன்? அதில் எனக்கும் ஒரு பங்கு வேண்டியிருந்தது. அந்த நேரத்திலும்.

"தெரியும். டாக்டர் சொன்னாங்க."

"நான் பிபி எடுக்கலைன்னும் சொன்னாங்களா?"

"அதையும் சொன்னாங்க" என்று பிளாஸ்க்கைத் திறந்து மூடியில் சோம்புத் தண்ணீரை ஊற்றிக் கொடுத்தார்.

நான் விடவில்லை. "இதுக்கு உங்க மூலிகையில மருந்து இல்லையா?"

"இருந்தா ஏன் ஆட்டோவைப் பிடிக்கிறேன்? வாந்திக்கு, மலச்சிக்கலுக்கு, இடுப்பு வலிக்கு நான். இந்த எண்ணைப் பார்த்தா என் வேலை முடிஞ்சுது. பொடியையும் நிறுத்தச் சொல்லி, அதுல என்னென்ன போட்டேன்னு டாக்டருக்கு எழுதிக் குடுத்துட்டேன்."

இதை நீங்கள் கவனிக்க வேண்டும். எல்லா மூலிகை க்ளினிக்கும் அந்தப் பச்சைத் திரை இல்லை. கால் வீங்கி வந்தவளுக்குப் பொடியைக் கொடுத்து, அனுப்பாமல் வைத்துக்கொண்டு, கடைசி நேரத்தில் கைவிட்ட இடங்களையும் நான் பார்த்திருக்கிறேன். அவற்றைப் பற்றிப் பேசுவது எனக்குச் சுலபம், சந்தோஷமும்கூட. அதனால்தான் இங்கே பேசவில்லை.

மூன்று மணி சுமாருக்கு ஸ்ருதிக்குக் கண்முன் மின்னல் மாதிரி வெட்டத் தொடங்கியது. அதற்குள் அவள் லேபர் ரூமில், வலிப்பைத் தடுக்கும் மருந்து ஏற்கெனவே ஏறிக்கொண்டிருந்த நிலையில் இருந்தாள். வலிப்பு வரவில்லை. நான்கு நாற்பதுக்கு ஆபரேஷன். பெண் குழந்தை, ஒரு கிலோ தொள்ளாயிரம் கிராம் எடை. குழந்தையை ஒன்பது நாள் தனி அறையில் வைத்திருந்து கொடுத்தார்கள்.

மூன்றாம் நாள் வார்டுக்குப் போனேன். ஸ்ருதியின் அம்மா கட்டிலுக்கருகில் ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார்.

"தமிழ்ல சொன்னா நம்ம சிஸ்டருக்குப் புரியும்னுதான் அனுப்பினேன். பொண்ணுக்குத் தமிழ் சொல்லிக் குடுக்காதது என் தப்புன்னு வீட்டுல எல்லாரும் ஏசறாங்க" என்றார்.

"உங்க தப்பு இல்லம்மா. எனக்கு ஹிந்தி தெரியும்" என்றேன்.

அவர் ஆரஞ்சை நீட்டவில்லை.

ஸ்ருதியிடம்தான் அந்தக் கேள்வியைக் கேட்டேன். நீங்கள் என்னிடம் கேட்ட அதே கேள்வி. "எங்ககிட்ட எல்லாம் இருக்கே. அங்க ஏன் போற?"

"கோச்சுக்க மாட்டீங்களே, ஆன்ட்டி?"

"மாட்டேன்."

"உங்ககிட்ட வந்தா தமிழ் எக்ஸாம் மாதிரி இருக்கு. வெளியில உட்கார்ந்து ப்ராக்டிஸ் பண்ணிட்டு வருவேன். அன்னிக்கு தலை... தலை சுத்தறது, அந்த வேர்ட் வரல. வைத்யாஜிகிட்ட எப்படி வேணா சொல்லலாம். பாதி சொல்லிட்டு அழலாம். அவங்க கேட்டுட்டு எழுதறாங்க. நீங்க எழுதிட்டே கேக்கறீங்க."

"சர்க்கரை டெஸ்ட் எதுக்குன்னு நீ ஏன் கேக்கல?"

"சக்கர் வந்தா சுகர் பார்ப்பாங்க போலன்னு நினைச்சேன். நீங்க சிஸ்டர். உங்களுக்குத் தெரியும்னு நினைச்சேன்."

கோபித்துக்கொள்ள மாட்டேன் என்று சொல்லியிருந்தேன். வெளியே வந்து லிஃப்ட்டுக்குக் காத்திருக்கும்போது கோபித்துக்கொண்டேன்.

உங்கள் கேள்விக்கு இதற்கு மேல் நல்ல பதில் என்னிடம் இல்லை. பிறகு பலரிடம் கேட்டுப் பார்த்தேன். ஒருத்தி, அங்கே கணவனை உள்ளே விடுகிறார்கள் என்றாள். இன்னொருத்தி, எடை கூடியதற்குத் திட்டுவதில்லை என்றாள். மூன்றாமவள், ஒவ்வொரு முறையும் அதே முகம் இருக்கிறது, அதுதான் என்றாள். மூலிகையைப் பற்றி யாரும் முதலில் சொல்லவில்லை. நான்காவதாகவோ ஐந்தாவதாகவோ சொன்னார்கள். அவர்கள் எதிர்ப்பக்கம் போனதற்கான காரணங்களில் பாதியை நம் அறையிலிருந்தே எடுத்துக்கொண்டு போயிருந்தார்கள்.

நான் மாறினேனா என்று கேட்பீர்கள். பெஞ்சில் இருந்த கூட்டம் மாறவில்லை. அவரைப் போல முப்பத்தைந்து நிமிடம் தர என்னால் முடியாது, உங்களாலும் முடியாது. என்னால் முடிந்தது இரண்டு. முறை நாளோ இல்லையோ, உள்ளே வருகிற எல்லாருக்கும் முதலில் பிபி. இதை அவரிடமிருந்து எடுத்தேன், எடுத்தேன் என்று யாரிடமும் சொல்லவில்லை. இரண்டாவது, அவர்கள் வாயில் எந்த மொழி வருகிறதோ அதிலேயே பேச விடுவது. புரியாத வார்த்தையைத் திருப்பிச் சொல்லிக் கேட்பது. 'சக்கர் என்றால், தலை சுற்றுகிறதா?' இவ்வளவுதான். நான்கு வார்த்தை. அந்தச் செவ்வாய்க்கிழமை அதற்கு எனக்கு நேரம் இருந்தது.

பொறாமை போகவில்லை. போய்விடும் என்று உங்களுக்கு வாக்குக் கொடுக்கவும் மாட்டேன். வரும்போது கண் எங்கே போகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். என் கண் பைக்குப் போனது.

ஓய்வு பெறுவதற்கு நான்கு மாதம் முன்பு ஸ்ருதி இரண்டாவது பிரசவத்துக்குப் பதிவு செய்ய வந்தாள். மூத்தவள் அவள் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் ஹிந்தியில் கேட்டேன். அவள் சிரித்துவிட்டு ஹிந்தியில் பதில் சொன்னாள். பிபி 110/70, கட்டத்தில் எழுதினேன். ஒன்பது ஐம்பதுக்கு வந்தவள் பத்து மணிக்குக் கிளம்பினாள். பத்து நான்குக்குப் பச்சைத் திரையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். வெளியே வந்தபோது பத்து ஐம்பத்தைந்து.